சாத்திக்கு எடுத்த விழா

1948 ஆகஸ்ட் 14. அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில், பிளாக் மவுண்டன் கல்லூரியின் சாப்பாட்டுக் கூடம் அன்றிரவு நாடகக் கொட்டகை ஆனது. பாரன் மெதூஸ் என்ற கிறுக்குப் பிரபுவாக வேடம் கட்டியவர் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். வயது 53. அந்தக் கோடையில்தான் அவர் மாணவர்களை வைத்துக்கொண்டு ஜன்னல் மறைப்புக்கான உலோகப் பட்டைகளால் ஒரு பெரிய குவிமாடத்தை எழுப்பப் பார்த்தார். அது எழும்பாமல் புல்தரையிலேயே படுத்துக்கொண்டது. பிற்பாடு உலகமெங்கும் அவர் பெயரைச் சொல்லப்போகும் குவிமாடங்களுக்கு அது ஒரு தொடக்கத் தோல்வி. பிரபுவின் மகளாக நடித்தவர் ஓவியர் எலெய்ன் டி கூனிங். அரங்கத்தை அவரும் அவர் கணவர் வில்லெம் டி கூனிங்கும் சேர்ந்து அமைத்தார்கள். காட்சிகளுக்கு நடுவே வந்து ஆடிவிட்டுப் போகும் இயந்திரக் குரங்கு, 29 வயது நடனக் கலைஞர் மெர்ஸ் கன்னிங்ஹாம். பியானோவில் இசையமைப்பாளர் ஜான் கேஜ்.

இன்றைக்கு இந்தப் பெயர்களை ஒரே சுவரொட்டியில் போட்டால் டிக்கெட் கிடைக்காது. அன்றைக்கு இவர்களில் பெரும்பாலோருக்கு அடுத்த மாத வாடகையே கேள்விக்குறி.

நாடகத்தின் பெயர் ‘மெதூஸின் பொறி’. எழுதியவர், இசையமைத்தவர் இருவரும் ஒருவரே: பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாத்தி. அவர் இறந்து அப்போது 23 வருடம் ஆகியிருந்தது. அமெரிக்காவில் அவரைக் கேள்விப்பட்டவர்கள் கொஞ்சம். கேள்விப்பட்டவர்களில் மதித்தவர்கள் இன்னும் கொஞ்சம். கேஜ் அந்தக் கோடையில் கல்லூரிக்கு வந்ததும், ‘சாத்திக்கு ஒரு விழா எடுக்கிறேன்’ என்று தொடங்கி அரைமணி நேரக் கச்சேரிகளாக 25 நடத்தினார். அந்த விழாவின் உச்சம்தான் இந்த நாடகம். கவிஞர் எம். சி. ரிச்சர்ட்ஸ் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்தார்.

ஒத்திகையில் ஃபுல்லர் வெலவெலத்துப் போனார். மணிக்கணக்கில் தன் கருத்துகளைப் பேசி யாரையும் கட்டிப்போடத் தெரிந்த மனிதர், இன்னொருவர் எழுதிய வசனத்தைச் சொல்லும்போது விறைத்துக்கொண்டார். ஊர் சிரிக்குமே என்ற பயம். இயக்கத்தைக் கவனித்த இளைஞன் ஆர்தர் பென்னுக்கு அப்போது 25 வயது. பிறகு 1967-ல் ‘போனி அண்ட் கிளைட்’ படத்தை எடுத்தவர் இவர்தான். பென் வசனத்தை ஓரமாக வைத்துவிட்டு எல்லோரையும் கூடத்தில் துள்ளவும் தரையில் உருளவும் காரணமில்லாமல் சிரிக்கவும் வைத்தார். ஃபுல்லரும் உருண்டார். கோமாளியாகத் தெரிந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது என்று அந்த நாடகம்தான் தனக்குக் கற்றுத்தந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார். அதன்பின் அவர் மேடையேறிப் பேசிய விதமே வேறு.

நாடகத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிரபு தன் மகளைப் பெண் கேட்டு வந்தவனைச் சோதிக்கிறார். ஒற்றைக் கண்ணின் மேல் நின்று ஆடத் தெரியுமா என்று கேட்கிறார். அதுதான் பொறி. தெரியாது என்று உண்மையைச் சொன்னவனுக்கே பெண். இடையிடையே குரங்குக்கு ஏழு குட்டி நடனங்கள். எதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. 1913-ல் சாத்தி இதை எழுதி, நண்பர் ரோலான்-மனுவெலின் வீட்டில் முதலில் நடத்தியபோது, பியானோவின் தந்திகளுக்கு இடையே காகிதத் தாள்களைச் செருகி வைத்தார். பொம்மைக் குரங்கு ஆடுகிறது, ஒலியும் பொம்மைத்தனமாகச் சரசரக்க வேண்டும் என்பது எண்ணம்.

கேஜின் பெயரைக் கேட்டவர்களுக்கு இந்த இடத்தில் பொறி தட்டும். தந்திகளுக்கு இடையே திருகாணி, மரை, ரப்பர் துண்டு எல்லாம் செருகிப் பியானோவை ஒரு தாளவாத்தியக் குழுவாக மாற்றியது கேஜின் புகழ்பெற்ற கண்டுபிடிப்பு. 1940 வாக்கில் சியாட்டிலில் ஒரு நடனத்துக்கு இசை கேட்டபோது, மேடை சிறியது, தாளக்கருவிகளை வைக்க இடமில்லை என்பதால் பிறந்த யோசனை அது. சாத்தியைப் பார்த்துச் செய்ததல்ல. ஆனாலும், தான் போன பாதையில் கால் நூற்றாண்டுக்கு முன்பே ஒருவர் நடந்த தடம் கிடப்பதைக் கண்டால் யாருக்குத்தான் உறவு கொண்டாடத் தோன்றாது?

உறவு கொண்டாடத் தகுந்த ஆள்தான் சாத்தி. 1866-ல் நார்மண்டிக் கடற்கரையில் ஓன்ஃப்ளர் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். பாரிஸ் இசைக் கல்லூரியில் ஆசிரியர்கள் அவரைச் சோம்பேறி என்று ஒதுக்கினார்கள். மோன்மார்த்ரின் மதுக்கூடங்களில் பியானோ வாசித்துப் பிழைத்தார். இன்று விளம்பரங்களிலும் படங்களிலும் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ‘ஜிம்னோபெதி’ மெட்டுகளை 1888-ல் எழுதியபோது அவருக்கு வயது 21. சொந்தமாக ஒரு திருச்சபையைத் தொடங்கினார். அதற்கு உறுப்பினர் அவர் ஒருவரே. 39 வயதில் மீண்டும் மாணவராகச் சேர்ந்து, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து எதிர்ச்சுர இலக்கணம் படித்துப் பட்டயம் வாங்கினார். 1917-ல் ‘பராத்’ என்ற பாலேவுக்கு அவர் எழுதிய இசையில் தட்டச்சு இயந்திரமும் சைரனும் கைத்துப்பாக்கியும் வந்தன. திரை பிக்காஸோவுடையது. திட்டி எழுதிய விமர்சகருக்குச் சாத்தி அனுப்பிய அஞ்சலட்டைகள் நீதிமன்றம்வரை போயின. எட்டு நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டு, நண்பர்கள் தலையிட்டதால் நிறுத்தி வைக்கப்பட்டது.

1898 முதல் பாரிஸுக்கு வெளியே ஆர்கேய் என்ற தொழிலாளர் பேட்டையில் ஒரே ஓர் அறையில் வாழ்ந்தார். அங்கிருந்து நகரத்துக்கு நடந்தே போய் நடுராத்திரியில் நடந்தே திரும்புவார். 27 வருடம் அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. 1925 ஜூலையில் அவர் இறந்த பிறகு தம்பியும் தாரியூஸ் மிலோ போன்ற நண்பர்களும் கதவைத் திறந்தபோது கண்டவை: குவியலாகக் குடைகள், ஒரே மாதிரி வெல்வெட் உடைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்த இரண்டு பியானோக்கள், பிரிக்காத கடிதங்கள். தொலைந்ததாக அவரே நம்பிய கையெழுத்துப் பிரதிகள் பியானோவுக்குப் பின்னால் கிடந்தன.

இந்தக் கதைகளை வைத்துக்கொண்டு ஓர் உருக்கமான அஞ்சலியைச் சுலபமாகச் செய்திருக்கலாம். கேஜ் அதைச் செய்யவில்லை. விழாவின் நடுவில் எழுந்து ‘சாத்தியை ஆதரித்து’ என்று ஓர் உரை நிகழ்த்தினார். அதில் பாதி, பீத்தோவன் மீதான குற்றப்பத்திரிகை. இசையின் உடம்பை ஒத்திசைவின் மேல் கட்டியது பீத்தோவன் செய்த பிழை. அந்தப் பிழையால் இசைக்கலையே மரத்துப்போனது. இசைக்கும் நிசப்தத்துக்கும் பொதுவாக இருப்பது கால அளவு ஒன்றே, அதனால் காலத்தின் மேல்தான் கட்ட வேண்டும். அதைப் புரிந்துகொண்டவர்கள் சாத்தியும் ஆஸ்திரிய இசையமைப்பாளர் வெபெர்னும். இதுதான் வாதம். பிளாக் மவுண்டன், ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த ஜெர்மானியக் கலைஞர்களுக்குப் புகலிடமாக இருந்த கல்லூரி. பீத்தோவன் அவர்களுக்கு நாட்டை விட்டு வரும்போது கையோடு கொண்டுவர முடிந்த ஒரே சொத்து. கல்லூரி இரண்டுபட்டது.

வாதம் நியாயமானதா? இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். சாத்தியை உயர்த்தப் பீத்தோவனைச் சாய்க்கத் தேவையில்லை. சாத்திக்கே அப்படியொரு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. கேஜ் அங்கே சாத்தியின் வக்கீலாக நின்று தன் வழக்கைத்தான் வாதாடினார். காலத்தைக் கட்டமைப்பாகப் பார்க்கும் பழக்கம் அவருக்குத் தாளக்கருவி இசையிலிருந்து வந்தது. 1946-ல் அது இந்தியாவிலிருந்தும் கொஞ்சம் ஊட்டம் பெற்றது. அந்த வருடம் அகமதாபாத்திலிருந்து நியூயார்க் வந்த கீதா சாராபாய், மேற்கத்திய இசையைக் கேஜிடம் கற்றுக்கொண்டு பதிலுக்கு இந்திய இசையை அவருக்குச் சொல்லிக்கொடுத்தார். மனதை அடக்கி அமைதியாக்குவதே இசையின் வேலை என்று கீதாவின் குரு சொன்னதைக் கேஜ் ஆயுள்வரை மேற்கோள் காட்டினார். இன்னொரு துணை, ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் சர் முத்து குமாரசுவாமி என்ற தமிழருக்குப் பிறந்து, பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கட்டியெழுப்பியவர். கலை இயற்கையின் தோற்றத்தைப் பிரதி எடுப்பதல்ல, இயற்கை இயங்கும் முறையைப் பின்பற்றுவது என்ற கருத்தைக் கேஜ் எடுத்துக்கொண்டது இவர் எழுத்திலிருந்துதான். நவரசங்களை மனதில் வைத்து ‘சொனாட்டாக்களும் இடையிசைகளும்’ என்ற பியானோத் தொகுப்பைக் கேஜ் எழுதி முடித்ததும் அதே 1948-ல்தான்.

பிளாக் மவுண்டன் விழாவோடு கேஜுக்குச் சாத்திப் பித்து தெளியவில்லை; முற்றியது. 1949-ல் பாரிஸ் போனபோது, சாத்தியின் இளம் நண்பராக இருந்த இசையமைப்பாளர் ஆரி சோகேயிடம் ஒரு கையெழுத்துத் தாளைப் பார்த்தார். ஒரே பக்கம். தலைப்பு ‘வெக்ஸேஷன்ஸ்’. எழுதியது 1893 வாக்கில். ஓவியர் சூசான் வலதோனுடன் சாத்திக்கு இருந்த ஆறு மாதக் காதல் முறிந்த காலம் அது. அவர் வாழ்வில் அறியப்பட்ட காதல் அது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மிக மெதுவாக வாசிக்கச் சொல்லும் ஒரு கீழ்ஸ்தாயி மெட்டு. அது முதலில் தனியாக வரும். பிறகு மேலே இரண்டு குரல்கள் சேரும். மறுபடி தனியாக. மறுபடி இரண்டு குரல்கள், இம்முறை மேலும் கீழும் இடம் மாறி. அவ்வளவுதான். தாளக்கோடு கிடையாது. சுரங்களோ எங்கேயும் வீடு திரும்புவதில்லை. ஒரு கூட்டொலி அடுத்ததற்கு வழிவிடாமல் வெறுமனே பக்கத்தில் நிற்கிறது. போதாததற்கு, சாதாரணமாக எழுதக்கூடிய சுரங்களையும் இரட்டைக் குறிகள் போட்டுச் சுற்றி வளைத்து எழுதியிருப்பதால், நூறு முறை வாசித்த கைக்கும் மனப்பாடம் ஆவதில்லை. இந்தப் பக்கத்தின் தலையில் சாத்தி ஒரு குறிப்பு வைத்தார்: இதை 840 முறை தொடர்ந்து தனக்குத்தானே வாசித்துக்கொள்ள நினைப்பவர், முன்கூட்டியே முழு அமைதியில் அசையாமலிருந்து தயார் செய்துகொள்வது நல்லது என்ற பொருளில்.

வாசி என்ற கட்டளை அதில் இல்லை. வாசித்தால் இப்படி என்பதுதான். சாத்தியின் குறும்புகளை அறிந்த நண்பர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். கேஜ் அதை 1949-ல் ஒரு பிரெஞ்சு இசைப் பத்திரிகையில் அச்சேற்ற வைத்தார். ஆனால் 1958-ல் சாத்தியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அவரே, இதை முழுதாக யாரும் தாங்க முடியாது, அதைப் பற்றி யோசிப்பானேன் என்கிற தொனியில்தான் எழுதினார். ஐந்து வருடம் கழித்து மனம் மாறியது.

1963 செப்டம்பர் 9, திங்கட்கிழமை மாலை ஆறு மணி. நியூயார்க்கின் மூன்றாம் அவென்யூவில் பாக்கெட் தியேட்டர் என்ற சிறு அரங்கம். டிக்கெட் ஐந்து டாலர். உள்ளே போகிறவர் தொழிற்சாலையில் அட்டை குத்துவதுபோல நேரம் குத்திவிட்டுப் போக வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு 20 நிமிடத்துக்கும் ஐந்து சென்ட் திருப்பித் தரப்படும். கடைசிவரை இருந்தால் இன்னும் 20 சென்ட். அதிகக் கலையை நுகர்கிறவருக்குக் குறைந்த செலவு என்பது கேஜின் கணக்கு. கேஜ், டேவிட் டியூடர், கிறிஸ்டியன் வூல்ஃப், ஃபிலிப் கார்னர், நடனக் கலைஞர் வயோலா ஃபார்பர், ஜேம்ஸ் டென்னி என்று பியானோக் கலைஞர்கள் அணிவகுத்து முறைவைத்து வாசித்தார்கள். அவர்களில் வேல்ஸிலிருந்து வந்து கொஞ்ச நாளே ஆன ஓர் இளைஞனும் இருந்தான்: ஜான் கேல். இரண்டு வருடத்துக்குள் ‘வெல்வெட் அண்டர்கிரவுண்ட்’ ராக் குழுவைத் தொடங்கிய நால்வரில் ஒருவர் ஆனவர்.

நியூயார்க் டைம்ஸ் இதைச் செய்தியாக்க விமர்சகர்களை அஞ்சல் ஓட்டம்போல ஒருவர் பின் ஒருவராக அனுப்பியது. அவர்களில் ஹோவர்ட் கிளைன் கொஞ்சம் மாட்டிக்கொண்டார். ஒரு கலைஞர் முறைக்கு வந்து சேராததால், பியானோ தெரிந்த விமர்சகரையே மேடையேற்றி வாசிக்க வைத்துவிட்டார்கள். விமர்சனம் எழுத வந்தவர் விமர்சிக்கப்பட வேண்டியவர் பட்டியலில் சேர்ந்த கதை அது.

மறுநாள் பகல் 12 மணி 40 நிமிடத்துக்கு 840-வது முறை முடிந்தது. மொத்தம் 18 மணி 40 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு முறைக்குச் சராசரி 80 விநாடி. ஆரம்பம் முதல் கடைசிவரை இருந்த பார்வையாளர் ஒரே ஒருவர், கார்ல் ஷென்ஸர் என்ற நடிகர். கேஜின் கணக்குப்படி அவருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டியது மூன்று டாலர். இசை நின்றதும் அரங்கத்தில் யாரோ ‘இன்னொரு முறை!’ என்று கத்தியதாகப் பதிவாகியிருக்கிறது. சில நாள் கழித்துச் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘எனக்கொரு ரகசியம்’ நிகழ்ச்சியில் கேலும் ஷென்ஸரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். வாசித்தவனின் ரகசியம் ஒன்று, கடைசிவரை கேட்டவனின் ரகசியம் மற்றொன்று. பார்வையாளர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாத்தியும் சிரித்திருப்பார்.

சிரிப்புக்குள் ஒரு விஷயம் நடந்தேறியிருந்தது. 1920-ல் சாத்தி ‘தட்டுமுட்டு இசை’ என்ற ஒன்றை முயன்று தோற்றார். நாற்காலி, மேசை போல இசையும் அறையில் சும்மா இருக்கட்டும், யாரும் கவனிக்க வேண்டாம் என்பது அவர் யோசனை. பாரிஸில் ஓர் ஓவியக்கூடத்தில், மக்ஸ் ஜாகோப் எழுதிய நாடகத்தின் இடைவேளையில் அதை வாசிக்கவிட்டார். நல்ல பழக்கமுள்ள பார்வையாளர்கள் இசை கேட்டதும் இருக்கைக்குத் திரும்பி வாய்மூடி உட்கார்ந்துவிட்டார்கள். பேசுங்கள், நடங்கள், கேட்காதீர்கள் என்று சாத்தி கூட்டத்துக்குள் ஓடி ஓடிக் கத்தினார். பயனில்லை. பாக்கெட் தியேட்டரில் அது தானாக நிகழ்ந்தது. தூங்கினார்கள், வெளியே போய் வந்தார்கள், மறுபடி கேட்டார்கள். தானே ஏற்பாடு செய்த நிகழ்ச்சிதான், என்ன நடக்கும் என்று தனக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்திருந்த கேஜ், வீட்டுக்குப் போய் நெடுநேரம் தூங்கி எழுந்தபோது எல்லாமே புதிதாகத் தெரிந்ததாகப் பின்னர் சொன்னார். வாசித்துப் பார்க்கும்வரை அந்தக் குறிப்பு ஒரு நையாண்டி. வாசித்த பிறகு அது ஓர் அனுபவம். சாத்திக்குச் சிலை வைத்திருந்தால் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது.

எல்லா இடத்திலும் அது நல்ல அனுபவமாக இருக்கவில்லை. 1967-ல் லண்டனில் ரிச்சர்ட் டூப் தனி ஆளாக ஏறத்தாழ ஒரு முழு நாள் வாசித்து முடித்தார். 1970-ல் சிட்னியில் பீட்டர் எவன்ஸ் தனியாகத் தொடங்கி, சுமார் 15 மணி நேரத்துக்குப் பின், 595-வது முறையில் சட்டென்று எழுந்து போனார். கெட்ட எண்ணங்கள் மனதை நிரப்பிவிட்டன, வாசிக்கிறவர்கள் ஆபத்தை உணர்ந்து வாசிக்கட்டும் என்று எழுதி வைத்தார். மீதியை வேறொருவர் வந்து முடித்தார்.

அதற்குச் சற்று முன் கேஜுக்கே சாத்தியோடு ஒரு சிக்கல் வந்தது. ‘சோக்ரத்’ என்ற சாத்தியின் படைப்புக்குக் கன்னிங்ஹாம் ஒரு நடனம் அமைத்தார். இசைக்குக் கேஜ் இரண்டு பியானோ வடிவம் தயாரித்தார். உரிமை வைத்திருந்த பதிப்பகம் அனுமதி மறுத்துவிட்டது. நடனம் தயார், இசை இல்லை. 1969-ல் கேஜ் சாத்தியின் தாளத்தையும் வரியமைப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, சுரங்களை மட்டும் சீன ‘யீ ஜிங்’ நூலின் தற்செயல் முறைப்படி மாற்றினார். காப்புரிமை தீர்ந்தது, நடனக் கலைஞர்கள் எண்ணிய எண்ணிக்கை மாறவில்லை. இசைக்கு அவர் வைத்த பெயர் ‘மலிவான நகல்’. கன்னிங்ஹாம் நடனத்துக்கு வைத்த பெயர் ‘செகண்ட் ஹேண்ட்’. சாத்தியின் உடம்பில் சாத்தியின் குரல் இல்லாத அந்தப் படைப்பு, கேஜ் எழுதியவற்றில் மிக அழகானவற்றில் ஒன்று. ஒரு பதிப்பகத்தின் பிடிவாதத்துக்கு இசையுலகம் நன்றி சொல்ல வேண்டிய அரிய தருணம்.

1980-களின் தொடக்கத்தில் ஜெர்மன் வானொலிக்காகக் கேஜ் ஒரு நாடகம் எழுதினார். அதில் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ், ஓவியர் மார்செல் துஷாம்ப், சாத்தி மூவரும் ஆவிகளாக வந்து பேசுகிறார்கள். கேஜ் 1992-ல் இறந்தார். 2001-ல் லாரா கூன் அந்த வானொலி நாடகத்தை மேடைக்குக் கொண்டுவந்து எடின்பரோ விழாவில் நடத்தியபோது, சாத்தியாக மேடையேறியவர் மெர்ஸ் கன்னிங்ஹாம். வயது 82. அப்போது அது இருவருக்குமான அஞ்சலி ஆகிவிட்டது. கேஜ் தன் முன்னோருக்கு எழுதிய வசனத்தை, அரை நூற்றாண்டு கேஜோடு வாழ்ந்தவர் பேசினார்.

‘வெக்ஸேஷன்ஸ்’ பிறகும் ஓயவில்லை. 2020 மே மாதம், பெருந்தொற்றால் கச்சேரி மேடைகள் பூட்டிக் கிடந்தபோது, பியானோக் கலைஞர் இகோர் லெவிட் பெர்லினில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து 840 முறையும் வாசித்து இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பினார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு தாள் என்று 840 அச்சுத் தாள்கள் வைத்திருந்தார். வாசித்து முடித்த தாளைத் தரையில் நழுவ விடுவார். வேலை இழந்த இசைக் கலைஞர்களுக்கு உதவ அந்தத் தாள்கள் விற்பனைக்கு வந்தன. 2025 ஏப்ரலில் அதே லெவிட் லண்டன் குயின் எலிசபெத் அரங்கத்தில் மறுபடி வாசித்தார். இம்முறை மேடையேற்றத்தை வடிவமைத்தவர், உடலின் தாங்குதிறனையே கலையாக்கிய மரீனா அப்ரமோவிச். நேரம் குத்தும் அட்டையும் ஐந்து சென்ட் வாபஸும் மட்டும் இந்தத் தடவை இல்லை.